ஒரே ராத்திரியில் மரம் முழுக்கப் பறவைகள்: டொரண்டோ தீவுகளில் மே மாதம் என்ன நடக்கிறது?

மே மாதத்து ராத்திரி, மணி பதினொன்று. டொரண்டோவில் மழைக்கான அறிகுறியே இல்லை. ஆனால் ஒன்டாரியோ ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவின் பஃபலோ நகரத்து வானிலை ரேடாரை போனில் திறந்து பார்த்தால், நீலமும் பச்சையுமாகப் பெரிய வட்டம் ஒன்று விரிந்து கிடக்கும். மழை மேகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேகம் கிடையாது. அத்தனையும் பறவைகள்.

டொரண்டோவின் பறவை ஆர்வலர்கள் பலர் மே மாதத்தில் இந்த ரேடாரைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். வட்டம் எவ்வளவு பெரிது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, விடியற்காலை மழை உண்டா? இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். கணக்கு சரியாக வந்தால் காலையில் முதல் படகு. நகரத்துக்கு நேர் எதிரே, ஏரிக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் டொரண்டோ தீவுகளுக்கு.

முந்தின நாள் காலியாக இருந்த மரத்தில் மறுநாள் காலை கிளைக்கு நாலு பறவை உட்கார்ந்திருக்கும். தென் அமெரிக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. எப்படி வந்தன, ஏன் அங்கே இறங்கின, அங்கிருந்து கிளம்பும்போது என்ன ஆகிறது? கடைசிக் கேள்விதான் கொஞ்சம் கசப்பானது.

ராத்திரியில் ஏன் பறக்கின்றன?

பருந்து, கழுகு, நாரை போன்ற பெரிய பறவைகள் பகலில் வலசை போகும். வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று அவற்றுக்கு லிஃப்ட் மாதிரி. சின்னஞ்சிறு பாடும் பறவைகளின் கதை வேறு. அவை விடாமல் சிறகடித்தே போக வேண்டும். பகல் சூட்டில் அப்படிப் பறந்தால் உடம்பு சூடேறிவிடும், தண்ணீர் வற்றிவிடும். ராத்திரியில் காற்று குளிர்ந்து, அலைச்சல் இல்லாமல் இருக்கும். வேட்டையாடும் வல்லூறுகளும் பெரும்பாலும் தூங்கிவிடும். பகல் பொழுது முழுக்கச் சாப்பாட்டுக்கு. அதனால் சூரியன் மறைந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்புகின்றன.

இருட்டில் வழி எப்படித் தெரியும்? பூமியின் காந்தப் புலம் ஒரு துணை. நட்சத்திரங்கள் இன்னொன்று. இதை நிரூபித்த விதம் சுவாரசியமானது. 1960களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இண்டிகோ பன்ட்டிங் எனும் நீலநிறக் குருவிகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோனார். புனல் வடிவக் கூண்டு, அடியில் மை தோய்ந்த தளம், சுற்றிலும் சரிவாக வெள்ளைக் காகிதம். வலசைக்குத் துடிக்கும் பறவை எந்தத் திசையில் தாவுகிறதோ அந்தப் பக்கக் காகிதத்தில் கால்தடம் பதியும். கோளரங்கத்தின் செயற்கை வானத்தைத் திருப்பிவைத்தார். பறவைகளும் திரும்பின.

அதைவிட வியப்பு, குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனை. நிஜ வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும் இல்லையா? எம்லன் சில குஞ்சுகளுக்கு, வானம் திருவாதிரை நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழல்வதாகக் காட்டி வளர்த்தார். அவை திருவாதிரைதான் வடக்கு என்று எடுத்துக்கொண்டன. இலையுதிர் காலம் வந்ததும் அதற்கு எதிர்த்திசையில் கிளம்பப் பார்த்தன. அதாவது, நட்சத்திர வரைபடம் பிறவியிலேயே பதிந்து வருவதில்லை. வானத்தில் எந்தப் புள்ளி அசையாமல் இருக்கிறது என்று இளம் பருவத்திலேயே பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. பதினைந்து கிராம் வாக்கில் எடையுள்ள ஜீவன்கள் ராத்திரி வானத்தைப் படிக்கின்றன. ராத்திரி வானத்தையே பார்க்க முடியாதபடி நகரங்களில் விளக்கு போட்டிருக்கிறோம் என்பது வேறு கதை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

ஐம்பது கிலோமீட்டர் தண்ணீர்

தெற்கிலிருந்து வரும் பறவைகளுக்கு டொரண்டோவின் வாசலில் ஒன்டாரியோ ஏரி குறுக்கே நிற்கிறது. ஏரி என்றதும் நம்மூர் வீராணம், செம்பரம்பாக்கம் எல்லாம் நினைவுக்கு வரக்கூடாது. பரப்பளவு சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். நடுவில் நின்றால் கரை தெரியாது. டொரண்டோவுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் நயாகரா பகுதிக்கும் இடையே தண்ணீர் மட்டும் சுமார் 50 கிலோமீட்டர்.

நல்ல ராத்திரியாக இருந்தால் இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. தெற்கிலிருந்து இதமான காற்று பின்னால் தள்ளிக்கொண்டே வர, ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். ஏரி, தீவு, நகரம் எல்லாவற்றையும் தாண்டி வடக்கே ஊசியிலைக் காடுகளை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மறுநாள் தீவுக்குப் போகிறவருக்கு ஏமாற்றம்தான்.

சிக்கல் வருவது இரண்டு சமயங்களில். ஒன்று, பறவை ஏரிக்கு நடுவில் இருக்கும்போதே விடிந்துவிடுவது. அப்போது உயரத்தைக் கூட்டிக்கொண்டு, பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அதை நோக்கித் திரும்புகின்றன. பெரும் ஏரிகளின் மேல் வைகறையில் பறவைகள் இப்படித் திசை மாறுவது ரேடாரிலேயே பதிவாகியிருக்கிறது. இன்னொன்று, வழியில் வானிலை மாறுவது. சாயங்காலம் தென்றலை நம்பிக் கிளம்பிய கூட்டத்தை, நள்ளிரவுக்கு மேல் வடக்கிலிருந்து வரும் குளிர் காற்றும் மழையும் முகத்தில் அடிக்கும். கீழே தண்ணீர். இறங்க இடமில்லை. திரும்பிப் போகவும் தெம்பில்லை. எப்படியோ தாக்குப்பிடித்து வருகிறவற்றுக்கு முதலில் கண்ணில் படும் பச்சை, இந்தத் தீவுகள்தான். மொத்தமாக விழுந்தடித்து இறங்கும். இதைத்தான் பறவை ஆர்வலர்கள் 'ஃபால்அவுட்' என்கிறார்கள். பெயரிலேயே விழுகை இருக்கிறது.

ஸ்கார்பரோ மண்

டொரண்டோ தீவுகள் ஆதியில் தீவுகளே இல்லை. நகரத்தின் கிழக்கே ஸ்கார்பரோ குன்றுகள் என்று ஏரியை ஒட்டி நிற்கும் மண் மலைச்சரிவுகள் உண்டு. அலை அரித்தெடுத்த அந்த மணலை நீரோட்டம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேற்கே தள்ளிக்கொண்டு வந்து குவித்ததில் உருவான நீண்ட மணல்திட்டு அது. 1858 ஏப்ரலில் அடித்த புயல், திட்டுக்கும் கரைக்கும் இருந்த தொடர்பை நிரந்தரமாக அறுத்துவிட்டது. தீபகற்பம் தீவானது. ஸ்கார்பரோ என்ற பெயர் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பெருமளவில் குடியேறிய பகுதி. யாழ்ப்பாணத்துக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்த ஊரின் மண்தான், எதிரே தீவாகக் கிடக்கிறது.

இன்று சின்னதும் பெரிதுமாகப் பல திட்டுகள், நடுவே கால்வாய்கள், இணைக்கும் பாலங்கள். கிழக்கு முனையில் சுமார் 260 வீடுகள். மேற்கு முனையில் ஒரு விமான நிலையம். இடையில் பூங்கா, கடற்கரை போன்ற மணல், வில்லோ மரங்கள், புதர்கள், 1808இல் எழுந்த ஒரு கலங்கரை விளக்கம். தனியார் கார்களுக்கு அனுமதி கிடையாது. நடக்கலாம், இல்லை சைக்கிள். நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து படகில் கால் மணி நேரம்கூட ஆகாது.

முதல் படகு

மே இரண்டாவது வாரத்தில் டொரண்டோவில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடும். முதல் படகு ஆறரையை ஒட்டி. ஆக, எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் பறவைகள் இறங்கும் அந்த முதல் வெளிச்சத்தை வெளியூர்க்காரர்கள் பார்க்க முடியாது. அந்தக் கொடுப்பினை தீவுவாசிகளுக்கு மட்டும்தான். (வீடு வாங்கிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். காத்திருப்போர் பட்டியல் பல ஆண்டுகளாக நீளமானது.)

கிழக்கு முனையான வார்ட்ஸ் தீவில் படகு நிற்கிறது. கூட்டம் அதிகமில்லை. கழுத்தில் பைனாகுலர் தொங்கும் பத்துப் பதினைந்து பேர், வேலைக்கு வரும் பூங்கா ஊழியர்கள் சிலர். இறங்கியதும் முதலில் உறைப்பது குளிர். ஏரித் தண்ணீர் இன்னும் பனிக்காலத்தை மறக்கவில்லை. நகரத்துக்குள் டீ-ஷர்ட்டோடு திரியும் அதே நாளில் இங்கே ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது.

ஃபால்அவுட் நடந்த காலையா, சாதாரணக் காலையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சாதாரண நாளில் வார்ப்ளர்கள் மர உச்சியில் இருக்கும். அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். 'வார்ப்ளர் கழுத்து' என்று இதற்குச் செல்லப் பெயரே இருக்கிறது. ஃபால்அவுட் நாளில் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. புல்தரையில், நடைபாதைப் பலகையில், மணலில் ஒதுங்கிய குப்பைக்கு நடுவில் கூட வார்ப்ளர்கள் தத்திக்கொண்டிருக்கும். காலடியில் பறவை. பக்கத்தில் ஆள் நின்றாலும் கண்டுகொள்ளாது.

வார்ப்ளர் என்பது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய ஒரு பறவைக் குடும்பம். குளிர்காலத்தில் நம்மூருக்கு வரும் கதிர்க்குருவிகளைப் போலவே அளவும் துறுதுறுப்பும், ஆனால் குடும்பம் வேறு. நிறம்தான் பெரிய வித்தியாசம். கதிர்க்குருவிகள் பெரும்பாலும் மங்கிய பச்சை. வார்ப்ளர் ஆண்களோ இனப்பெருக்கக் காலத்தில் தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி இருக்கும். மேக்னோலியா வார்ப்ளருக்கு மஞ்சள் மார்பில் கறுப்பு மணிமாலை. எடை எட்டு கிராம் வாக்கில், ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு. பிளாக்பர்னியன் வார்ப்ளரின் தொண்டை எரியும் ஆரஞ்சு. இது குளிர்காலத்தைக் கழிப்பது ஆண்டீஸ் மலைக் காடுகளில். அங்கிருந்து டொரண்டோ 4,000 கிலோமீட்டருக்கு மேல்.

எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறும்போது தீவின் மேல் புகைத்தூண்கள் மாதிரி பூச்சிக் கூட்டம் எழும். மிட்ஜ் என்ற பூச்சி. பார்க்கக் கொசு போலவே இருக்கும், கடிக்காது. ஏரியின் அடிச் சேற்றில் புழுவாக வளர்ந்து, வசந்தத்தில் கோடிக்கணக்கில் மேலே வரும். சைக்கிளில் போகிறவர்களின் வாயிலும் மூக்கிலும் புகுந்து எரிச்சல் மூட்டும். ஆனால் பசியோடு இறங்கிய பறவைக்கு இதுதான் பந்தி. மரங்கள் இன்னும் சரியாகத் துளிர்க்காத, புழுக்கள் கிடைக்காத நேரத்தில் பெரும் ஏரிகளின் கரையோரம் வலசைப் பறவைகளைக் காப்பாற்றுவது ஏரியிலிருந்து வரும் இந்தப் பூச்சிகள்தான். டொரண்டோ தீவில் பறவை நிற்பதற்கு மரம் மட்டும் காரணமில்லை. தண்ணீரும்தான்.

வார்ப்ளர்கள் மட்டும் என்றில்லை. புதருக்கடியில் காய்ந்த இலைகளைக் கிளறும் ஸ்வெயின்சன் த்ரஷ், இரத்தச் சிவப்பில் ஸ்கார்லெட் டானஜர், வில்லோ கிளையில் தொங்கும் பால்டிமோர் ஓரியோல் என்று பட்டியல் நீளும். (ஓரியோல் என்றால் மாங்குயில். ஆனால் இதற்கும் நம் மாங்குயிலுக்கும் உறவில்லை. நிறத்தைப் பார்த்துக் குடியேறிகள் வைத்த பெயர்.) மே கடைசியில் வந்தால் மணல் ஓரத்தில் கல்திருப்பி உள்ளானைப் பார்க்கலாம். இது அசல் உறவு. கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் குளிர்காலத்தில் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும் அதே இனம். நம்மூருக்கு வருபவை வேறு வழியில் வருகின்றன, அவ்வளவுதான். இரண்டு கூட்டமும் முட்டையிடுவது ஆர்க்டிக்கில்.

ஒரே நாளில் 20 வகை வார்ப்ளர் கிடைத்தால் அது மாலை வரை பேசப்படும் நாள். அடையாளம் காண்பதற்கு இப்போது போன் போதும். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடும். நம்மூர்ப் பறவைகளுக்கும் வேலை செய்யும். அதே ஆய்வகத்தின் இ-பேர்டில் பட்டியலைப் பதிந்தால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஒன்றே ஒன்று கூடாது: பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்கவிடுவது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, களைத்துப்போன பறவை இருக்கிற கொஞ்ச நஞ்ச சக்தியையும் தேடுவதில் செலவழிக்கும்.

யாருக்கு நல்ல நாள்?

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பார்ப்பவருக்கு அமோகமான நாள், பறவைக்கு மோசமான நாள். புல்லில் தத்தும் வார்ப்ளர் மனிதரிடம் நட்பாக நடந்துகொள்வதில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லாமல் இருக்கிறது.

வலசைப் பறவைக்குப் பெட்ரோல், கொழுப்பு. பிளாக்போல் வார்ப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 12 கிராம். இலையுதிர் காலத்தில் தின்று தின்று ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை கூடும். பிறகு வட அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து அட்லான்டிக் மேல் இறங்காமல் பறக்கும். 2015இல் வெளியான ஆய்வில், முதுகில் குட்டிக் கருவி கட்டி அனுப்பிய பறவைகள் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை கடலைக் கடந்திருந்தன. அதிகபட்சம் மூன்று நாள். நடுவில் தூக்கமா, சாப்பாடா? கடலில் ஏது? வசந்தத்தில் திரும்பும்போது நிலவழி. டொரண்டோ தீவுகளில் மே பிற்பாதியில் இதன் கீச்சுக் குரல் கேட்கும்.

ஆக, தீவில் கழியும் அந்த ஒரு பகலில் பறவைக்கு ஒரே வேலை: தின்பது. எத்தனை மிட்ஜ் பிடிக்கிறதோ அத்தனை கிலோமீட்டர். அதை விரட்டிக்கொண்டு படமெடுப்பவரும், கயிறில்லாமல் ஓடும் நாயும் எடுத்துக்கொள்வது அதன் பயணத்தில் ஒரு பங்கை.

அக்கரைக் கண்ணாடி

தீவின் வடகரையில் நின்றால் டொரண்டோவின் புகழ்பெற்ற காட்சி. சி.என். கோபுரம், வங்கிக் கோபுரங்கள், ஏரியை ஒட்டி அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குடியிருப்புகள். அந்த ராத்திரி தீவைத் தவறவிட்ட பறவைகள் இறங்கியது அங்கேதான்.

1993இல் டொரண்டோவில் ஃப்ளாப் என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கியது இதற்காகத்தான். வலசைக் காலத்தில் இதன் தொண்டர்கள் விடியுமுன் வங்கிக் கட்டடங்களின் காலடியில் நடக்கிறார்கள். பெருக்க வருகிறவர்களுக்கும் கடற்காகங்களுக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும். மோதி மயங்கிக் கிடப்பவற்றைக் காகிதப் பையில் போட்டு சிகிச்சைக்கு அனுப்புவார்கள். செத்தவற்றைக் குறித்துக்கொண்டு எடுத்து வைப்பார்கள். தீவில் ஆர்வலர்கள் போடும் பட்டியலிலும் இங்கே தொண்டர்கள் போடும் பட்டியலிலும் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றே. ஒரே இரவில் வந்த ஒரே கூட்டம். இடைவெளி இரண்டு கிலோமீட்டர்.

கட்டடம் கொல்வது இரண்டு கட்டமாக. முதலில் விளக்கு. மேகமூட்டமான ராத்திரியில் நட்சத்திரம் மறைந்திருக்கும்போது, பிரகாசமான வெளிச்சம் பறவைகளை இழுத்து வட்டமடிக்க வைக்கிறது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவாக ஆண்டுக்கு ஒரு ராத்திரி வானை நோக்கி ஒளிக்கற்றை பாய்ச்சுவார்கள். ரேடார் வைத்து ஏழு ராத்திரிகளை ஆராய்ந்ததில், அந்த ஒளியால் பாதிக்கப்பட்ட பறவைகள் சுமார் 11 லட்சம் என்று 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. விளக்கை அணைத்த சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே போயின என்பதும் அதில் பதிவானது.

இரண்டாவது, கண்ணாடி. விளக்கால் நகரத்துக்குள் இழுக்கப்பட்ட பறவை விடிந்ததும் கட்டடங்களுக்கு நடுவில் கண் விழிக்கிறது. எதிரே மரம் தெரிகிறது, வானம் தெரிகிறது. பறக்கிறது. அது பிரதிபலிப்பு. கண்ணாடி என்ற பொருளைப் பறவையால் பார்க்கவே முடிவதில்லை. நமக்கும் முடிவதில்லைதான். மால் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நாம் மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் முட்டுகிறோம், அது நாற்பதில்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் வரை கட்டடங்களில் மோதிச் சாகின்றன என்பது 2014இல் வந்த மதிப்பீடு. கனடாவில் 1.6 கோடி முதல் 4.2 கோடி. குற்றவாளி வானளாவிய கோபுரங்கள்தானே? அங்கேதான் ஆச்சரியம். அதே அமெரிக்க மதிப்பீட்டில் உயர்ந்த கோபுரங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 56 சதவீதம் தாழ்ந்த கட்டடங்கள், 44 சதவீதம் ஒன்றிரண்டு மாடி வீடுகள். கோபுரம் ஒன்று நிறையக் கொல்கிறது, ஆனால் கோபுரங்கள் கொஞ்சம். வீடு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கொல்கிறது, ஆனால் வீடுகள் கோடிக்கணக்கில்.

புள்ளி வைத்தால் போதுமா?

போதும் என்றே தெரிகிறது. இதற்கு நல்ல சாட்சி, இன்னொரு பெரும் ஏரியான மிச்சிகனின் கரையில் இருக்கும் சிகாகோ. அங்கே ஏரியை ஒட்டி நிற்கும் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மண்டபத்தில் 2023 அக்டோபரில் ஒரே ராத்திரியில் ஆயிரத்தை நெருங்கும் பறவைகள் மோதிச் செத்தன. அந்த மண்டபத்தின் காலடியில் 1978 முதல் செத்த பறவைகளைச் சேகரித்து வந்தவர் ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்ட். நாற்பது ஆண்டுகளில் அவருக்கும் அது காணாத எண்ணிக்கை. 2024 கோடையில் மண்டபத்தின் கண்ணாடிகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் அச்சிட்ட ஃபிலிம் ஒட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் சாவு சுமார் 95 சதவீதம் குறைந்தது.

தொழில்நுட்பம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ இருந்தால் பறவை அதைத் தடையாகப் பார்க்கிறது. உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும், பயனில்லை. பருந்து படம் ஒன்றை நடுவில் ஒட்டிவைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதுவும் பெரிதாக உதவாது. பருந்தை விட்டு ஒதுங்கி, பக்கத்துக் கண்ணாடியில் முட்டும்.

டொரண்டோ இதில் முன்னோடி நகரம். பறவைக்கு உகந்த கட்டடங்களுக்கான வழிகாட்டியை 2007இலேயே வெளியிட்டது. 2010 முதல் புதிய கட்டடங்களுக்கான நகரத்தின் விதிமுறைகளில் அது சேர்ந்தது. 2013இல் ஒன்டாரியோ நீதிமன்றம் ஒன்று, கண்ணாடியிலிருந்து பிரதிபலிக்கும் வெளிச்சம் பறவைகளைக் கொன்றால் அது சுற்றுச்சூழல் சட்டத்தை மீறியதாகும் என்று சொன்னது. அந்த வழக்கில் கட்டட உரிமையாளர் உரிய முன்னெச்சரிக்கை எடுத்திருந்ததால் விடுவிக்கப்பட்டார் என்றாலும், வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்பது நிலைத்தது. குறை எங்கே என்றால், புது விதி புதுக் கட்டடத்துக்கு மட்டும். ஏற்கெனவே நிற்கும் ஆயிரக்கணக்கான கண்ணாடிச் சுவர்களுக்குப் புள்ளி வைப்பது பெரும்பாலும் உரிமையாளரின் மனசைப் பொறுத்தது.

1970க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது. நான்கில் ஒன்றுக்கும் மேல். காரணங்கள் பல: காடழிப்பு, பூச்சிமருந்து, வீட்டுப் பூனைகள். அவற்றில் பல, தீர்க்க ஒரு தலைமுறை ஆகும் பிரச்சினைகள். கண்ணாடி அப்படியல்ல. ஒரு கோடை விடுமுறையில் ஒட்டி முடித்துவிடலாம்.

மாலைக் காற்று

மதியம் தாண்டினால் தீவு அடங்கிவிடும். பறவைகள் புதருக்குள் ஒதுங்கிக் குட்டித் தூக்கம் போடும். சுற்றுலாக் கூட்டம் பெருகும். நடு வயதுக்காரர்கள் வில்லோ நிழலில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். 'கேப் மே பார்த்தீங்களா?' என்று பக்கத்தில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

நாலு மணிக்கு மேல் எல்லோரும் கவனிப்பது காற்றை. வடக்குக் காற்று தொடர்ந்தால் பறவைகள் இன்னொரு நாள் தங்கும். தெற்கே திரும்பி, மேகம் விலகினால், கொழுப்பு சேர்த்தவை அன்றிரவே கிளம்பிவிடும். மறுநாள் காலை வில்லோ காலி.

கிளம்புகிறவை போக வேண்டியது வடக்கே. அந்தப் பக்கம்தான் நகரம் நிற்கிறது. மே நடுவில் சூரியன் எட்டரை மணி வாக்கில் மறைகிறது. திரும்பும் படகில் நிற்பவர்களுக்கு, கோபுரங்களில் ஒவ்வொரு தளமாக விளக்கு எரியத் தொடங்குவது தெரியும். சில கட்டடங்கள் வலசைக் காலத்தில் ராத்திரி விளக்கை அணைக்கின்றன. பல கட்டடங்களில் துப்புரவுப் பணி முடியும்வரை தளம் முழுக்க எரியும். தலைக்கு மேலே, இருட்டிய வானத்தில், அவ்வப்போது சின்னதாக ஒரு 'ச்சிப்'. பறக்கும்போது ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் குரல். படகின் இன்ஜின் சத்தத்தில் பாதி கேட்காது.

ஆகஸ்ட் பிற்பாதியில் திரும்பப் பயணம் ஆரம்பிக்கும். அப்போது அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் சேர்ந்து வருவதால் கூட்டம் வசந்தத்தைவிடப் பெரிது. அவற்றில் பலவும் கண்ணாடியைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.